ஈரத் தாரும் கரிசல் மண்ணும்

தாம்பரத்தில் வீடு, சிறுசேரியில் வேலை. காலையில் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாகப் போய், மாலையில் அதே வழியாகத் திரும்பும் ஒரு எஸ்யூவியை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் தார்ச்சாலை, சிமென்ட் சாலை, மேம்பாலம், குழி, வேகத்தடை எல்லாம் உண்டு. எப்போதாவது ஒரு சனி ஞாயிறில் மதுராந்தகம் பக்கம் ஒரு தோப்புக்கோ ஜவ்வாது மலைக்கோ போனால், கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர் மண் பாதை. வண்டியோடு வந்த டயர்கள் தேய்ந்துபோன பிறகு உரிமையாளர் டயர் கடைக்குப் போகிறார். அடுக்கி வைத்த டயர்களில், தடித்த பட்டன்களும் ஓரத்தில் பல் பல்லாக வெட்டுகளும் கொண்ட ஒன்று கண்ணை இழுக்கிறது. "ஆல் டெரெய்ன் சார். எந்த ரோட்டுலயும் போகலாம். வண்டிக்கும் ஒரு கெத்து வரும்" என்கிறார் கடைக்காரர்.

அவர் சொல்வதில் பொய் இல்லை. அந்த டயர் எந்த ரோட்டிலும் போகும். எந்த ரோட்டில் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.  பிரேக்கை அழுத்தும்போது டிஸ்க் சக்கரத்தைத்தான் நிறுத்துகிறது. வண்டியை நிறுத்துவது டயர். மண்ணுக்கு என்று செய்யும் ஒவ்வொரு மாற்றமும் ஈரத் தாரில் எதையாவது விலையாகக் கேட்கிறது. அது ஏன் என்பதை மண்ணிலிருந்தே தொடங்கலாம்.

இந்த வகை டயர் பிறந்த சூழலை முதலில் சொல்லிவிடுகிறேன். 1976-இல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனம் 'ஆல்-டெரெய்ன் டி/ஏ' என்ற ரேடியல் டயரை வெளியிட்டது. மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தில் 1967 முதல் நடந்துவரும் பாஹா 1000 பாலைவனப் பந்தயத்தோடு அதன் பெயர் சேர்ந்தே வளர்ந்தது. பாலைவனத்தில் நாள் முழுதும் கல்லிலும் மணலிலும் ஓடிவிட்டு, அதே டயரில் நெடுஞ்சாலை வழியாக வீட்டுக்குத் திரும்ப வேண்டியவர்களுக்கு அது விடையாக இருந்தது. பாதி மண், பாதி தார் என்ற வாழ்க்கைக்குச் செய்யப்பட்ட சமரசம் அது. நம் தாம்பரத்து வண்டியின் வாழ்க்கையில் நூற்றுக்கு ஒரு பங்குகூட மண் இல்லை.

மண்ணில் டயர் எப்படிப் பிடிக்கிறது? போலந்தில் பிறந்த பொறியாளர் மியெசிஸ்வாஃப் பெக்கர் இந்தக் கேள்விக்கே வாழ்நாளைக் கொடுத்தவர். 1956-இல் வெளிவந்த அவருடைய நூல், சக்கரத்துக்கும் மண்ணுக்கும் இடையிலான இயற்பியலைத் தனித் துறையாக நிலைநிறுத்தியது. 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தின்போது நிலாவில் ஓடிய வண்டியின் சக்கர வடிவமைப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. அவர் காட்டியது இது: இளகிய தரையில் ரப்பரின் உராய்வு பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. டயரின் பட்டன்கள் மண்ணுக்குள் இறங்குகின்றன. பட்டன்களுக்கு இடையில் மண் புகுந்து நிரம்புகிறது. சக்கரம் சுற்றும்போது அந்த மண், அடியில் இருக்கும் மண்ணிலிருந்து அறுபட வேண்டும். அறுபடாமல் எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவுதான் பிடிப்பு. ஆக, மண்ணில் நம்மைத் தள்ளுவது மண்ணின் சொந்த வலிமை. டயர் அதைப் பற்றிக்கொள்ளும் கருவி மட்டுமே.

மண்ணின் அந்த வலிமை இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பசைத்தன்மை ஒன்று. துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று அழுந்தி உரசுவது இன்னொன்று. மேலே பாரம் கூடக்கூட இது கூடும். உலர்ந்த மணலில் பசை கிடையாது, உரசல் மட்டும். ஊறிய களிமண்ணில் உரசல் கிட்டத்தட்டக் கிடையாது, பசை மட்டும். செம்மண்ணும் சரளையும் இரண்டுக்கும் நடுவே நிற்கின்றன.

இதைத் தெரிந்துகொண்டால் நம் ஊர் மண்ணையே மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். சரளைப் பாதையிலும் கெட்டியான செம்மண்ணிலும் ஆல் டெரெய்ன் டயர் உண்மையிலேயே நன்றாக வேலை செய்யும். பட்டனின் விளிம்புகள் கல்லுக்கு இடையில் இறங்கிப் பற்றும். தடித்த ரப்பர் கூர்க்கல்லின் வெட்டைத் தாங்கும். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணலில் கதை வேறு. அங்கே ஆழமான பட்டன் மணலைத் தோண்டிக்கொண்டு கீழே போகும். வண்டியைக் காப்பாற்றுவது காற்றைக் குறைப்பதுதான். கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரத்துக் கரிசலில் மழை பெய்த மறுநாள் இறங்கினால் மூன்றாவது பாடம் கிடைக்கும். கரிசலில் இருக்கும் களிமண் கனிமம் தண்ணீரைக் குடித்து ஊதிப் பசையாகிவிடும். ஆல் டெரெய்ன் டயரின் இடைவெளிகளில் அது அப்பிக்கொண்டால், சுற்றும் வேகத்தில் உதிர்ந்து வெளியேறாது. நாலைந்து சுற்றில் பட்டன்கள் மறைந்து, மண் பூசிய வழவழப்பான உருளை ஒன்றுதான் மிச்சம். ஈரக் கரிசலுக்கு, இடைவெளி மிக அகன்ற மட் டெரெய்ன் டயர் வேண்டும், அல்லது டிராக்டர் வேண்டும். 'எல்லாத் தரையும்' என்ற பெயரைச் சொன்ன உடனே நம்பக் கூடாது என்பதற்கு விளாத்திகுளத்து வண்டிப்பாதை ஒன்றே போதும்.

இப்போது தாருக்கு வருவோம். ஆட்களோடு சேர்த்து 2,000 கிலோ எடையுள்ள வண்டி என்று வைத்துக்கொண்டால் ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ. டயரில் 35 காற்று, அதாவது சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு. நம் கணக்கில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.46 கிலோ. 500-ஐ 2.46-ஆல் வகுத்தால் 203 சதுர சென்டிமீட்டர். டயர் சுவரின் விறைப்பையும் சேர்த்தால் எண் கொஞ்சம் மாறும். ஆனாலும் ஒரு டயர் தரையைத் தொடும் இடம், விரித்த உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். காற்றை 20-ஆகக் குறைத்தால் அதே இடம் 356 சதுர சென்டிமீட்டராக விரியும். மணலில் காற்றைக் குறைக்கும் வித்தையின் கணக்கு இதுதான். எந்தப் பட்டன் வடிவமும் மணலில் இந்த அளவுக்கு உதவாது. அதற்குச் செலவும் இல்லை. திரும்பக் காற்றடிக்க ஒரு சின்ன கம்ப்ரஸர் மட்டும் வண்டியில் இருக்க வேண்டும்.

அந்த 203 சதுர சென்டிமீட்டரிலும் முழுதாக ரப்பர் இல்லை. சாலை டயரில் சுமார் கால் பங்கு பள்ளம். ஆல் டெரெய்னில் மூன்றில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ பள்ளம். மட் டெரெய்னில் இன்னும் அதிகம். மண்ணைப் பிடித்து வைக்க இடம் வேண்டும் என்பதால் ரப்பரை வெட்டி எடுத்திருக்கிறார்கள். தாரில் அந்த இடம் காலி. மிஞ்சியிருக்கும் பட்டன்களும் உயரமானவை. புதுச் சாலை டயரில் பள்ளத்தின் ஆழம் 8 மில்லிமீட்டர் அளவில் இருக்கும் என்றால், ஆல் டெரெய்னில் 10 முதல் 12 வரை இருக்கும். உயரமான பட்டன் பிரேக் அடிக்கும்போது முன்னும் பின்னும் சாய்கிறது. சாயும்போது அதன் ஒரு விளிம்பு தரையை அழுத்த, மறு விளிம்பு மேலே எழும்புகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி ஒரு கணம் யோசித்துத் திரும்புவது போல் தோன்றுவதற்கும் காரணம் இந்தச் சாய்வுதான்.

ஆனால் வடிவத்தைவிடப் பெரிய வேறுபாடு ரப்பருக்குள்ளேயே இருக்கிறது. டயர் அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1963-இல் இங்கிலாந்தில் இயற்கை ரப்பர் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த கே.ஏ. குரோஷ் என்ற ஆய்வாளர், ரப்பர் வழுக்கும்போது என்ன நடக்கிறது என்று அளந்தார். ரப்பர் துண்டைக் கண்ணாடி மேலும் சொரசொரப்பான பரப்பு மேலும், வெவ்வேறு வேகத்திலும் வெப்பத்திலும் இழுத்துப் பார்த்தார். பிடிப்புக்கு இரண்டு தனித்தனி ஊற்றுகள் இருப்பது தெரிந்தது. ஒன்று, ரப்பரின் மூலக்கூறுகள் தரையோடு நேரடியாக ஒட்டிக்கொள்வது. தண்ணீர் நடுவே வந்துவிட்டால் இது பெருமளவு போய்விடும். இரண்டாவது, ரப்பர் தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அமுங்கி எழும்போது, அமுக்கச் செலவான ஆற்றல் முழுதையும் திருப்பித் தராமல் ஒரு பகுதியை வெப்பமாக்கி இழந்துவிடுவது. தயக்கம் என்று இதைச் சொல்வார்கள். பள்ளி இயற்பியலில் காந்தத் தயக்கம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். மேட்டில் ஏறும் பக்கம் ரப்பர் வலுவாகத் தள்ளுகிறது; இறங்கும் பக்கம் தயங்கி, மெதுவாகத் தள்ளுகிறது. அந்த வித்தியாசம்தான் வண்டியை நிறுத்தும் விசை. ஈரச் சாலையில் நம் உயிர் பெரும்பாலும் இந்தத் தயக்கத்தை நம்பியே இருக்கிறது.

அப்படியானால் தயக்கம் அதிகமுள்ள ரப்பரையே போட்டுவிடலாமே? முடியாது. டயர் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி, பிறகு நிமிர்கிறது. அங்கேயும் அதே தயக்கம் ஆற்றலைத் தின்னும். டீசல் செலவு கூடும், டயர் சூடாகும். ஆக, ஈரத்தில் நிற்கத் தயக்கம் வேண்டும், சிக்கனமாக ஓடத் தயக்கம் கூடாது.

இந்த முடிச்சை அவிழ்க்க வழி கொடுத்தது காலத்தின் அளவு. டயர் சுற்றும்போது ரப்பரின் ஒரு புள்ளி வினாடிக்குப் பத்துத் தடவை அளவில்தான் நசுங்குகிறது. பிரேக் பிடித்து வழுக்கும்போது சாலையின் நுண்ணிய முகடுகள் அதே ரப்பரை வினாடிக்கு ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில்கூடக் குத்துகின்றன. மெதுவான அசைவுக்குக் குறைந்த தயக்கமும் வேகமான குத்துக்கு அதிகத் தயக்கமும் காட்டும் ரப்பர் இருந்தால் இரண்டும் கிடைக்கும். ஆய்வுக்கூடத்தில் வேகத்துக்குப் பதிலாக வெப்பத்தை மாற்றி இதைச் சோதிக்கிறார்கள். 60 டிகிரி செல்சியஸில் எடுக்கும் அளவு உருளும் சிக்கனத்தையும் 0 டிகிரியில் எடுக்கும் அளவு ஈரப் பிடிப்பையும் சொல்லும். 1904 முதல் ரப்பரில் கலந்துவந்த கரித்தூளுக்குப் பதிலாக, 1990-களின் தொடக்கத்தில் மிஷலின் நிறுவனம் பெருமளவில் சிலிக்காவைக் கலந்து இந்த இரட்டைக் குணத்தைக் கொண்டுவந்தது. இன்றைய நல்ல சாலை டயர்களின் மேல் ரப்பர் பெரும்பாலும் இந்த வழியில் வந்ததுதான்.

ஆல் டெரெய்ன் டயர் செய்பவருக்கு இந்த வசதி முழுதாகக் கிடைப்பதில்லை. கூர்மையான கருங்கல் சில்லில் பட்டன் பிய்ந்துபோகக் கூடாது என்பதுதான் அவருடைய முதல் கவலை. அதற்கு இயற்கை ரப்பர்தான் பலம். 1925-இல் ஜே.ஆர். காட்ஸ் எக்ஸ்-கதிர் மூலம் கண்டது இது: இயற்கை ரப்பரை இழுத்தால் அதன் நீண்ட மூலக்கூறுகள் இழுபடும் திசையில் வரிசைகட்டிப் படிகமாகின்றன. கிழிசல் ஒன்று தொடங்கும் இடத்தில் இழுப்பு அதிகம். அங்கேயே ரப்பர் படிகமாகிக் கெட்டிப்பட்டுக் கிழிசலைத் தடுத்துவிடும். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் பால்வெட்டி எடுக்கும் ரப்பருக்கு இருக்கும் இந்தக் குணம் செயற்கை ரப்பரில் அந்த அளவுக்கு இல்லை. அதனால்தான் லாரி டயர், விமான டயர், காட்டுப்பாதை டயர் எல்லாவற்றிலும் இயற்கை ரப்பரின் பங்கு அதிகம். ஆனால் கிழியாமல் இருப்பதற்காகச் சேர்க்கும் இதே கலவை, ஈரத் தாரில் நிற்பதற்காகச் செய்த சிலிக்காக் கலவைக்கு ஈடாகாது. நல்ல நிறுவனங்கள் இரண்டையும் கலந்து இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வருகின்றன. இடைவெளி இன்னும் இருக்கிறது.

அந்த இடைவெளிக்கு என்ன விலை என்று ஒரு கணக்குப் போடலாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஈரச் சாலையில் உராய்வுக் கெழு 0.7 இருந்தால் பிரேக் பிடித்த இடத்திலிருந்து 36 மீட்டரில் நிற்கும். கெழு 0.6 என்றால் 42 மீட்டர். ஆறு மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் முதல் வண்டி நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது வண்டி கடக்கும்போது அதன் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். வேகத்தின் வர்க்கத்தோடு ஆற்றல் குறைவதால், கடைசி சில மீட்டர்களில்தான் வேகம் மளமளவென்று விழுகிறது. நாவலூர் சந்திப்பில் சாலையைக் கடக்கும் ஒருவருக்கு, நின்றுவிட்ட வண்டிக்கும் 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டிக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. கெழுவின் மதிப்புகளை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டேன். டயருக்கு டயர் அவை மாறும். கணக்கின் போக்கு மாறாது.

தண்ணீர் மெல்லிய படலமாக இருக்கும்போது நடப்பது இது. தண்ணீர் தேங்கி நிற்கும்போது கதை கொஞ்சம் மாறும், அங்கே ஆல் டெரெய்னுக்கும் நியாயம் சொல்ல வேண்டும். அமெரிக்க நாசாவின் லாங்லி மையத்தில் வால்டர் ஹார்ன் குழுவினர் விமானச் சக்கரங்கள் ஈர ஓடுபாதையில் மிதப்பதை ஆராய்ந்து 1963-இல் ஓர் எளிய சூத்திரம் தந்தார்கள். டயரில் உள்ள காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு மிதக்கும் வேகம் கூடும். காருக்குப் போட்டுப் பார்த்தால், தேய்ந்து வழுவழுப்பான டயர் 35 காற்றில் மணிக்கு ஏறத்தாழ 98 கிலோமீட்டரிலும் 25 காற்றில் 83 கிலோமீட்டரிலும் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும். மிதந்த பிறகு ஸ்டியரிங்கும் பிரேக்கும் பெயருக்குத்தான். பள்ளம் ஆழமாக இருந்தால் தண்ணீர் வெளியேற வழி கிடைத்து இந்த வேகம் உயரும். புதிய ஆல் டெரெய்ன் டயரின் ஆழமான பள்ளங்கள் இங்கே உதவுகின்றன. ஆனால் குலுங்காமல் இருக்கட்டும் என்று காற்றைக் குறைத்து ஓட்டுபவர்கள் இந்த நன்மையை அப்படியே இழக்கிறார்கள். மணலில் உயிர் காக்கும் 20 காற்று, ஐப்பசி மழையில் ஜி.எஸ்.டி. சாலையில் ஆளைக் கொல்லும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னைத் தெருக்களில் தேங்கிய வெள்ளத்தில் எந்த டயருக்கும் வேலை இல்லை. தண்ணீர் அடிப்பகுதிக்கு மேல் ஏறினால் வண்டியின் எடையைத் தண்ணீர் தூக்கத் தொடங்கும். சக்கரத்தின் மேல் அழுத்தம் குறையும், பிடிப்பும் குறையும். சுமார் 60 சென்டிமீட்டர் ஓடும் தண்ணீர் பெரும்பாலான எஸ்யூவிகளையே நகர்த்திவிடும். பட்டன் டயர் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்குவது, அந்த டயர் செய்யும் மிகப் பெரிய தீங்கு.

செலவுக் கணக்கு நேரடியானது. உருளல் தடைக் கெழு 0.009 உள்ள டயரில் நம் 2,000 கிலோ வண்டியைத் தள்ள 177 நியூட்டன் விசை வேண்டும், 0.012 என்றால் 235 நியூட்டன். வித்தியாசம் ஏறத்தாழ 59 நியூட்டன். 100 கிலோமீட்டருக்கு அது 59 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 360 லட்சம் ஜூல் இருக்கிறது. எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வேலையாக்கும். ஆக, நூறு கிலோமீட்டருக்கு அரை லிட்டர் கூடுதல். லிட்டருக்கு 14 கொடுத்த வண்டி 13 கொடுக்கும். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டரில் 75 லிட்டர் டீசல். டயரின் எடை கூடுவதால் மைலேஜ் விழுகிறது என்று பலர் சொல்வதுண்டு. அதற்குப் பங்கு உண்டு, ஆனால் சிறிது. சக்கரத்துக்கு 4 கிலோ வீதம் 16 கிலோ கூடினால், அது சுழலவும் வேண்டியிருப்பதால் முடுக்கத்தில் ஏறத்தாழ 30 கிலோ போலத் தோன்றும். ஒரு பள்ளிப் பிள்ளையை ஏற்றிக்கொண்டதற்குச் சமம். கூடுதல் எடை அதிகம் தெரிவது சவாரியில்தான்: ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை கூடினால் ஒவ்வொரு குழியும் உடம்புக்கு வந்து சேரும்.

இரைச்சலுக்கும் காரணம் பட்டன்தான். 235/65 R17 அளவு டயரின் சுற்றளவு 2.32 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 9.6 சுற்று. சுற்றி 60 வரிசைப் பட்டன்கள் இருந்தால் வினாடிக்கு 575 முறை தரையை அறைகின்றன. காதுக்கு அது ஒரே சுருதியில் ஊளையாகக் கேட்கும். அதனால்தான் பட்டன்களை ஒரே நீளத்தில் செய்யாமல் குட்டை, நடுத்தரம், நீளம் என்று கலைத்து வைக்கிறார்கள். ஒலி பல சுருதிகளாகச் சிதறி, இரைச்சல் மந்தமாகிறது. கடையில் டயரை மெல்லச் சுழற்றிப் பார்த்தால் இந்த நீள வேறுபாடு கண்ணுக்கே தெரியும். தனித்தனியாக நிற்கும் பட்டன்கள் ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தேய்வதும் வழக்கம். 20,000 கிலோமீட்டர் தாண்டியதும் புது டயரில் இல்லாத உறுமல் வந்து சேரும். 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போட்டால் இது தாமதமாகும்.

சரி, குழிகள்? ஆல் டெரெய்ன் வாங்குபவர்கள் சொல்லும் மிக நியாயமான காரணம் நம் ஊர்க் குழிகள்தான். குழியில் விழும்போது டயர் சுவர் ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் இடையில் நசுங்கி, உள்ளே இழைகள் அறுந்து புடைக்கிறது. இதைத் தடுக்கப் பட்டன் எதுவும் செய்யாது. தடித்த சுவர் உதவும். அதைவிட உயரமான சுவர் உதவும். ஒரே எஸ்யூவியின் அடிப்படை வகையில் 17 அங்குல ரிம்மும் உச்ச வகையில் 19 அங்குல ரிம்மும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். 235/65 R17 டயரில் சுவரின் உயரம் 153 மில்லிமீட்டர். 235/55 R19-இல் 129. இரண்டின் மொத்த விட்டமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 737-உம் 741-உம். குழி பயம் உள்ளவர், அந்த மாடலுக்கு நிறுவனமே அனுமதித்த சிறிய ரிம்மை வாங்கி, நல்ல சாலை டயரைப் போட்டுக்கொள்வது ஆல் டெரெய்ன் வாங்குவதைவிடப் பயன் தரும். பார்வைக்கு எடுப்பாக இருக்காது. டயர் வெடிக்காமல் வீடு வந்து சேரலாம்.

அப்படியானால் ஆல் டெரெய்ன் யாருக்கு? வாரம் தவறாமல் கல்குவாரிப் பாதையில் போகும் பொறியாளருக்கு, ஏற்காட்டிலோ வால்பாறையிலோ எஸ்டேட் சாலையில் தினம் ஏறி இறங்குபவருக்கு, கருவேல முள் நிறைந்த சரளைப் பாதையில் தோட்டத்துக்குப் போய்வருபவருக்கு. ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்காவது தார் இல்லாத தரையில் இருந்தால் தயங்காமல் வாங்கலாம் என்பது என் கருத்து. அதற்குக் கீழே என்றால், மண் பாதையில் மெதுவாகப் போய் நல்ல சாலை டயரை வைத்துக்கொள்வதே மேல். இங்கே விற்கும் எஸ்யூவிகளில் பெரும்பாலானவை இரு சக்கர உந்துதல் கொண்டவை என்பதையும் மறக்க வேண்டாம். முன்சக்கரம் இழுக்கும் வண்டி என்றால், சேற்று மேட்டில் ஏறும்போது எடை பின்னால் சாய்ந்து, இழுக்க வேண்டிய அந்தச் சக்கரங்கள் லேசாகிவிடும். டயர் அந்தக் குறையைத் தீர்க்காது.

வாங்குவது என்று முடிவானால் கடையில் டயரைக் கையால் தடவிப் பாருங்கள். நடுப்பகுதியில் பட்டன்கள் ஒன்றோடொன்று பாலம் போட்டு இணைந்திருக்கிறதா? அப்படியானால் தாரில் சாய்வு குறையும். பட்டனின் முகத்தில் மெல்லிய கீறல்கள் நிறைய இருந்தால் ஈரப் படலத்தைக் கிழிக்க விளிம்புகள் கிடைக்கும். அவை ஆழம் முழுதும் இறங்குகின்றனவா, பாதியிலேயே நின்றுவிடுகின்றனவா என்று நகத்தை விட்டுப் பாருங்கள். ஓரங்களில் மட்டும் திறந்த வெட்டுகள், நடுவில் நெருக்கம்: தினப் பயணத்துக்கு ஏற்ற ஆல் டெரெய்ன் அப்படித்தான் இருக்கும்.

பிறகு சுவரில் உள்ள எழுத்துகள். அளவுக்கு முன்னால் எல்.டி. என்று இருந்தால் அது இலகு சரக்கு வண்டிக்கான கட்டுமானம். அதே பாரத்தைத் தாங்க அதிகக் காற்று கேட்கும், சவாரி கட்டையாக இருக்கும். குடும்ப எஸ்யூவிக்கு வேண்டாம். அளவுக்குப் பின்னால் வரும் எண் பாரக் குறியீடு: 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும், 109 என்றால் 1,030. பழைய டயரில் இருந்த எண்ணைவிடக் குறையக் கூடாது. வேக எழுத்தும் அப்படியே: எஸ் 180, டி 190, எச் 210 கிலோமீட்டர். எம்+எஸ் என்ற குறி, சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற பட்டன் வடிவம் என்று நிறுவனமே போட்டுக்கொள்வது. மலையும் பனித்துகளும் வரைந்த முத்திரை பனிச் சோதனையில் தேறியதைச் சொல்லும். நம் ஊர் மழைக்கு இரண்டுமே உத்தரவாதம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் ஈரப் பிடிப்புக்கு எழுத்துத் தரம் ஒட்டி விற்கிறார்கள். இங்கே கிடைக்கும் அதே டயர் அங்கும் விற்கிறதென்றால் அந்தத் தரத்தைத் தேடிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. கடைசியாக, நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. கையிருப்பில் வருடக்கணக்கில் கிடந்த டயரைத் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு எடுக்காதீர்கள்.

அளவை ஏற்றும் ஆசையும் வேண்டாம். 245/65 R17-க்குப் பதிலாக 265/65 R17 போட்டால் விட்டம் மூன்றரை சதவீதம் கூடும். மீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட மூன்றரை கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் போவீர்கள். ஓடோமீட்டர் தூரத்தைக் குறைத்து எண்ணும். மைலேஜ் சரிந்துவிட்டது என்று புலம்பும் பலருக்கு அதில் ஒரு பங்கு இந்த மீட்டர் கணக்கு. பின்னால் இரண்டு ஆல் டெரெய்ன், முன்னால் இரண்டு சாலை டயர் என்று கலந்து போடுவதும் தவறு. ஈர வளைவில் முன் டயர் பிடித்திருக்க, பின்பகுதி மட்டும் வழுக்கி வெளியே போகும். நான்கும் ஒரே வகை, முடிந்தால் ஸ்டெப்னியும்.

சாலை டயரோ ஆல் டெரெய்னோ, எது போட்டிருந்தாலும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வரை சட்டம் அனுமதிக்கிறது. பள்ளத்துக்குள் சின்ன மேடாகத் தெரியும் தேய்மானக் குறி அந்த அளவில்தான் இருக்கும். மழைக்கு அது போதாது. ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒருமுறை, வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில், ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றைச் சரிபார்த்து, நான்கு டயரின் பள்ளத்தையும் அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் தீபாவளித் தள்ளுபடிக்குக் காத்திருக்காமல் உடனே மாற்றிவிடுங்கள்.